பரணைச் சுற்றி எவ்வளவு வெட்டுவது?



கடந்த பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரை, பெற்றோர் துணையுடன், பகாங் மாநிலத்திலுள்ள தாமான் நெகாராவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கோலா தாஹானில் பூங்கா அலுவலகத்துக்கு அருகிலேயே ‘பும்புன் தாஹான்’ என்னும் மறைவிடம் இருக்கிறது. விலங்குகளை ஒளிந்திருந்து பார்ப்பதற்காக உயர்த்திக் கட்டப்பட்ட குடில் அது. எதிரே புல்வெளியும், விலங்குகள் உப்பு நக்க வரும் இடமும், அவற்றைச் சுற்றிப் புதரும் காடுமாக இருக்கும்.

மாலை வேளையில் நாங்கள் அங்கே அமைதியாக அமர்ந்திருந்தபோது மாணவன் ஒருவன் என் காதருகே வந்து கேட்டான்: “ஐயா, அந்தப் புதர்களையும் வெட்டிவிட்டிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே? ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே எண்ணத்தோடு 1983 ஆம் ஆண்டில் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன் நான்.

அப்போது எனக்கு வயது பதினைந்து. எங்கள் தோட்டம் காட்டோரத்தில் இருந்தது. பால்மரங்கள் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். என் பெரியப்பா தோட்டத்துக் காவலாளி. முறையான உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்தார். மரவள்ளியைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளை விரட்டுவது அவர் வேலைகளுள் ஒன்று. வேட்டை உரிமம் கிடைக்கும் காலங்களில் மானுக்கும் காத்திருப்பார். மலாயில் ‘ரூசா’ என்று சொல்லும் கடமான் அந்த ஓரத்தில் மேய வரும். தினைப்புனம் காக்க நம் முன்னோர் கட்டியதைப் போன்றே பெரியப்பாவும் ஒரு மரத்தோடு சேர்த்துப் பரண் கட்டியிருந்தார். அதைச் சுற்றித் துப்புரவு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

நான் இரண்டு நாள் உழைத்தேன். பரணைச் சுற்றி இருபது அடி தூரத்துக்கு ஒரு செடி மிஞ்சவில்லை. லாலாங் புல், கொடி, இளமரம் அனைத்தையும் வெட்டிப் பெருக்கினேன். பெரியப்பா வந்து பார்த்தார்.

“ஏண்டா தம்பி, இங்கே மான் பார்க்கப் போறோமா, பூப்பந்து ஆடப் போறோமா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. கடைசி நாள் என்னைக் கீழே அழைத்துச் சென்று தரையைக் காட்டினார். நான் வெட்டிய இடத்தின் விளிம்புவரை குளம்படிகள் வந்திருந்தன. அங்கே நின்று, திரும்பிப் போயிருந்தன. மான் எப்போதும் மறைவை ஒட்டியே நடக்கும். திடீரென்று மொட்டையான நிலத்தில் கால் வைக்காது. போதாக்குறைக்கு, வெட்டிய பச்சையின் வாடையோடு என் வியர்வை வாடையும் அங்கே தங்கியிருந்தது. மானுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆனால் அசைவும் வாடையும் அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பாது.

பிறகு வேறொரு மரத்தில் புதுப் பரண் கட்டினோம். இம்முறை பெரியப்பாவே அருகில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

பரணுக்குப் பின்னாலுள்ள எதையும் தொடக் கூடாது. பின்னே இலையும் கொடியும் இருந்தால்தான் நம் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது. முன்னால் விரல்களை விரித்தாற்போல் மூன்று ஒடுக்கமான பாதைகள் மட்டும் வெட்ட வேண்டும். அவற்றின் நீளம் முப்பது அடி வைப்பு. அவர் துப்பாக்கிக்கு அதற்குமேல் தேவையில்லை. பாதைகளுக்கு இடையிலுள்ள புதர்கள் அப்படியே நிற்க வேண்டும். மூங்கிலைச் சாய்வாக வெட்டினால் அடிக்கட்டை ஈட்டிபோல் காலில் ஏறும். தரையோடு மட்டமாக வெட்ட வேண்டும். நாம் பரணுக்கு நடந்து வரும் தடத்தில் காய்ந்த சுள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவை அனைத்தையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டால் வாடை போய்விடும்; வெட்டிய தூரிலிருந்து துளிர் விடும்; அதைத் தின்னவே மான் வரும்.

கடைசியாக ஒன்று சொன்னார். மூன்று பாதைகளில் எதுவும் பால்மரங்களை நோக்கி இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாதையின் முடிவிலும் மண்மேடு இருக்க வேண்டும். இருள் பிரியும் முன்பே தலைவிளக்குடன் நம் மக்கள் பால் வெட்ட வருவார்கள் அல்லவா?

மறுமாதம் ஒருநாள், பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. முதல் பாதைக்கும் இரண்டாம் பாதைக்கும் இடையிலிருந்த புதர் அசைந்தது. கிளை முறிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“பெரியப்பா, சுடுங்க!” என்று முணுமுணுத்தேன்.

அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. “பாதைக்கு வரட்டும்” என்றார்.

சில நிமிடங்கள் கழித்துப் பாதையில் வந்து நின்றவர் எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு அக்காள். இடுப்பில் கூடை. காட்டுக் கீரை பறிக்க வந்திருந்தார்.

பெரியப்பா தோட்டாவைக் கழற்றினார். நாங்கள் இறங்கினோம். என் கால்கள் நடுங்கின. வீடு திரும்பும் வழியில் கேட்டேன்: “எல்லாவற்றையும் வெட்டியிருந்தால் அக்காள் முன்னமே தெரிந்திருப்பார்களே?”

“எவ்வளவு வெட்டினாலும் அதுக்கு அந்தாண்ட ஒரு புதர் இருக்கும்டா. வெட்டிட்டேன், எல்லாம் தெரியுதுன்னு நினைக்கிறவன் கையிலதான் துப்பாக்கி ஆபத்து” என்றார்.

அந்த ஆண்டு எங்களுக்கு மான் கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை.

இந்தக் கதையை நான் நெடுநாள் மறந்திருந்தேன். ஆசிரியரான பிறகு என் வகுப்பில் நான் செய்தது என்ன தெரியுமா? பழைய பூப்பந்துத் திடலைத்தான் மீண்டும் வெட்டினேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. கட்டுரைக்கு மாணவன் தடுமாறக் கூடாது என்று தொடக்கம், முடிவு, உவமை, பழமொழி எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தேன். அதிகம் பேசாத மாணவன் ஒருவன் அப்படியே எழுதி ‘ஏ’ பெற்றான். பெற்றோர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டு இடைநிலைப்பள்ளிச் சீருடையில் என்னைப் பார்க்க வந்தான்.

“ஐயா, நீங்கள் கொடுத்த தலைப்பு எதுவும் அங்கே வரவில்லை. வெறுந்தாளைக் கொடுத்துவிட்டேன்” என்றான்.

குறை சொல்ல அவன் வரவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அவனுடைய சொந்தச் சொல் ஒதுங்கி நின்று, தயங்கி, மெல்ல வெளியே வருவதற்கு ஒரு புதரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

2021 ஆம் ஆண்டில் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆனால் வெட்டும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கிவிட்டதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது நான் மாணவர் கட்டுரையில் மூன்று பாதைகள் மட்டுமே வெட்டுகிறேன்: எழுத்துப்பிழை, வாக்கிய முடிவு, பொருள் விளங்காத இடம். மற்றபடி, கோணலாக இருந்தாலும், அவன் வாக்கியம் அவன் வாக்கியமாகவே நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில வாரங்கள் பக்கம் வெறுமையாக இருக்கும். பொறுத்திருக்கிறேன்.

பெரியப்பா இன்று இல்லை. அவர் காலத்தைவிடக் கடமான்கள் நம் காடுகளில் அருகிவிட்டன. 2008 ஆம் ஆண்டு முதல் உலக அளவில் அது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய விலங்காகப் பட்டியலிடப்பட்டுள்ளது. மலாயாப் புலிக்கு அதுவே முக்கிய இரைகளுள் ஒன்று. என் மாணவர்கள் அதைத் துப்பாக்கி இல்லாமல் பார்க்கும் தலைமுறை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பும்புன் தாஹானில் அன்று இருட்டும் வேளையில் புல்வெளியின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கேள்வி கேட்ட மாணவன் கைவிளக்கை உயர்த்தினான். நான் அவன் கையை மெல்லத் தாழ்த்தினேன்.

“வரட்டும்” என்றேன்.

நெடுநேரம் கழித்து ஒரு பெண் கடமான் அவன் வெட்டச் சொன்ன அதே புதரின் நிழலிலிருந்து தலையை நீட்டியது. காதுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. பிறகு ஓர் அடி வைத்தது.

மாணவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கேள்விக்கு நான் தனியாக விடை சொல்லவில்லை.