இறங்கத் தெரிந்த காலணி

சர்க்கஸ் கூடாரத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒருவர் சுற்றி வரும்போது எல்லோர் கண்ணும் அவர் கையில் சுழலும் தட்டுகளின் மீதுதான் இருக்கும். காலில் என்ன போட்டிருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க அவசியமும் இல்லை. தரை சமம். கல் கிடையாது, சேறு கிடையாது. மெல்லிய கான்வாஸ் ஷூவே தாராளம். அதே சைக்கிளை மரவேர்களும் உருண்டைக் கற்களும் நிறைந்த மலைப்பாதைக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். அங்கே முதலில் கவனிக்க வேண்டியதே கால்தான்.

இப்படியும் ஒரு விளையாட்டா என்று புருவம் உயர்த்துபவர்கள் உண்டு. 1980களில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சீவர்ட் என்ற சிற்றூரில், ஜார்ஜ் பெக் என்பவர் ஒற்றைச் சக்கரத்தைக் கரடுமுரடான பாதைகளில் ஓட்ட ஆரம்பித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் மேற்குக் கரையில் கிரிஸ் ஹோம் என்ற சிறுவனும் தன் போக்கில் அதையே செய்துகொண்டிருந்தான். பின்னாளில் புவியியல் துறையில் நிபுணரான அதே ஹோம், பூடான் மலைகளில் ஒற்றைச் சக்கரத்தில் பயணம் செய்தது 2002இல் ஆவணப்படமாகவும் வந்தது. முதலில் பிரச்சினை சைக்கிளில்தான் இருந்தது. சர்க்கஸுக்கென்று செய்த அச்சும் கிராங்க்கும் பாறையில் இரண்டு முறை குதித்தால் முறுக்கிக்கொள்ளும். 1990களின் கடைசியில் உறுதியான அச்சும் தடித்த டயரும் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தன. காலணி விஷயத்தில் மட்டும் இன்றுவரை அக்கம்பக்கத்து விளையாட்டுகளிடம் இரவல்தான்.

இரவல் வாங்குவதிலும் ஒரு விவரம் வேண்டும். காரணம், இந்த சைக்கிளின் அமைப்பு. இதில் செயின் இல்லை. பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சோடு சேர்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் காலும் ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். 24 அங்குலச் சக்கரத்தில் தடித்த டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் கடக்கலாம். அதாவது கிலோமீட்டருக்கு 500 சுற்று, 10 கிலோமீட்டருக்கு 5,000 சுற்று. சரிவில் இறங்கும்போது சாதாரண சைக்கிளில் செய்வதுபோல மிதிப்பதை நிறுத்திவிட்டு காற்று வாங்கிக்கொண்டு போக முடியாது. இறக்கத்தில் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஓடப் பார்க்கும். கால் எதிர்ப்பக்கம் அழுத்தி அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருக்கைக்குக் கீழே கை பிரேக் பொருத்திக்கொள்பவர்கள் உண்டு. அப்படியும் காலுக்கு ஓய்வில்லை. இன்ஜின், பிரேக், பாதி சமநிலை எல்லாம் அந்த இரண்டு பாதங்கள்தான்.

அடுத்தது விழுவது. ஆங்கிலம் பேசும் ஒற்றைச் சக்கரக்காரர்கள் இதை விழுதல் என்று சொல்வதில்லை. 'திட்டமிடாத இறக்கம்' என்று அரசாங்கக் கோப்பு நடையில் குறிப்பிடுகிறார்கள். இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. முன்னால் கைப்பிடிக் கம்பி இல்லாததால் ஓட்டுபவர் பெரும்பாலும் இரண்டு காலில்தான் வந்து இறங்குகிறார். இறங்கிய வேகத்தில் நாலைந்து அடி ஓடி நிற்கிறார். சைக்கிள் பின்னால் எங்கோ உருண்டு கிடக்கும். கற்றுக்கொள்ளும் மாதங்களில் இந்த இறக்கம் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நேரும் என்று எண்ணாமலிருப்பதே மனதுக்கு நல்லது. ஒவ்வொரு முறையும் கால் எங்கே ஊன்றும் என்பது முன்கூட்டித் தெரியாது. புல்லாக இருக்கலாம், வேராக இருக்கலாம், ஈரப்பாறையாக இருக்கலாம். கணுக்கால் பிசகுவதும் பிசகாமல் தப்புவதும் அந்த முதல் அடியில்தான்.

ஆக இந்தக் காலணிக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். பெடலில் இருக்கும்வரை ஒட்டிக்கொள்ள வேண்டும். இறங்க வேண்டிய கணத்தில் உடனே விட்டுவிட்டு, ஓடவும் கொடுக்க வேண்டும். காலணி தேடுபவர்களில் அநேகர் முதல் வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். இரண்டாவதை முதலில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. பெடலில் கால் வழுக்கினால் சங்கடம். தரையில் கால் மடங்கினால் மாவுக்கட்டு.

இந்த அளவுகோலில் சில வகைகள் வாசலிலேயே நின்றுவிடும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் பந்தய சைக்கிள் காலணி அவற்றில் ஒன்று. தார்ச்சாலையில் நீண்ட தூரம் போகும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள்; பாறைப் பாதையில் அது வேண்டாத விபரீதம். மலையேற்ற பூட்ஸ் பார்க்க நம்பிக்கையூட்டும். கணுக்காலை மூடும், கல்லில் இடித்தாலும் வலிக்காது. ஆனால் மலைக்காட்டில் ஓட்டுகிற பெடல்களின் மேல்பரப்பில் சின்னச் சின்ன உலோக முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பூட்ஸின் ஆழமான வரிகளுக்குள் அந்த முளைகள் போய் உட்கார்ந்துவிட்டால் பாதம் எங்கே நிற்பது என்பதைக் கால் தீர்மானிப்பதில்லை, வரிகள் தீர்மானிக்கின்றன. குதிகாலுக்கு முன்னால் உள்ள படி வேறு பெடலின் விளிம்பில் மாட்டும். ஓட்டப்பயிற்சி ஷூ இதற்கு நேர் எதிர். தரையில் ஓட அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதன் பஞ்சு மெத்தை ஒவ்வொரு மிதியிலும் அமுங்கி, கொடுத்த பலத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது. பெடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே பாதத்துக்கு மங்கிப்போகும். பள்ளிக்கூடத்து வெள்ளை கான்வாஸ் ஷூவில் அந்த உணர்வு நன்றாகவே கிடைக்கும். கூடவே ஒவ்வொரு முளையும் உள்ளங்காலில் தனித்தனியாகத் தெரியும்.

உருப்படியான இரவல் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, ஸ்கேட்போர்டு. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1966இல் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின் தட்டையான ரப்பர் அடி, சறுக்குப் பலகைக்காரர்களுக்குப் பிடித்துப்போன அதே காரணத்துக்காக இவர்களுக்கும் பிடித்தது. குதிகாலில் மேடு இல்லை, பாதம் முழுவதும் பெடலில் படிகிறது. குறை என்னவென்றால், உயரத்திலிருந்து கல்லில் குதித்தால் குதிகால் கன்றிப்போகும்.

இன்னொன்று பாறை ஏறுபவர்களின் ரப்பர். 1985இல் தொடங்கிய ஃபைவ் டென் நிறுவனம், வழுவழுப்பான பாறையில் ஒட்டி நிற்பதற்கென்றே ஒரு மென்மையான ரப்பர் கலவையைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயரே பாறை ஏற்றத்தின் கடினத்தைக் குறிக்கும் ஒரு எண்தான். அந்த ரப்பரை மலைச் சரிவில் சைக்கிள் ஓட்டுபவர்களின் காலணிக்கும் போட்டார்கள். 2011இல் நிறுவனம் அடிடாஸ் கைக்குப் போனது. மென்மையான ரப்பருக்குள் பெடல் முளைகள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால் கால் அசையாது. பாதத்தின் நடுவே வளையாத விறைப்பும் இருப்பதால் நீண்ட ஏற்றத்தில் உள்ளங்கால் வலியும் குறைவு. அனுபவம் மிக்கவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் புதியவருக்கு இதுவே உபத்திரவம். ஆரம்பத்தில் பெடலில் கால் நேராக விழுவதே அபூர்வம். கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பின்தள்ளி, கிராங்க்கை உரசிக்கொண்டு என்று எப்படியாவதுதான் விழும். ஓட்டிக்கொண்டே அதை நகர்த்திச் சரிசெய்யவேண்டும். அதிகமாக ஒட்டும் அடியில் கால் நகராது. பெடல் மேலே வந்து காலின் கனம் குறையும் அந்தக் கணத்துக்குக் காத்திருந்து, நெல்மணி அளவு தூக்கி, மாற்றி வைக்க வேண்டும். சுழலும் சக்கரத்தின் மேல் இந்த நளினம் கைவர மாதங்கள் ஆகும். அதுவரை நடுத்தரமான ரப்பர், அகலமான தட்டை அடி, மிதமான விறைப்பு; இவை போதும். விலை உயர்ந்தது வாங்கினால் சீக்கிரம் கற்றுவிடலாம் என்ற நம்பிக்கை கடைக்காரருக்குத்தான் லாபம்.

அதே முளைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. கால் வழுக்கிய நொடியில் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கிழிக்கும். இதற்குக் காலணி பதில் சொல்லாது, தனியாகக் காப்பு கட்டிக்கொள்ள வேண்டும். கணுக்கால் எலும்பு கிராங்க்கில் இடிபடுவதைக் கழுத்து உயர்ந்த ஷூ கொஞ்சம் தடுக்கும். ஆனால் கணுக்கால் தாராளமாக மடங்க வேண்டும். கட்டுப்போட்டது போல இறுக்கும் ஷூவில் கீழ்ப்புறத்து மிதி முழுமை பெறாது.

உண்மையிலேயே ஆபத்தானது சாதாரண லேஸ். சைக்கிளில் லேஸ் மாட்டிக்கொண்டால் மிதிப்பதை நிறுத்தலாம். இங்கே சக்கரம் ஓடும்வரை பெடல் ஓடும். தொங்கும் நுனி பெடலின் தண்டில் ஒரு சுற்று சுற்றியதுமே கால் கட்டுண்டுவிடுகிறது. இறங்கி ஓட வேண்டிய கால் இறங்காது. அதனால்தான் பழகியவர்கள் முடிச்சைக் காலின் வெளிப்பக்கம் தள்ளி, நுனியைக் குறுக்கு லேஸுக்குள் செருகிவிடுகிறார்கள். ஒட்டுப்பட்டை வைத்த ஷூ கிடைத்தால் இன்னும் நல்லது, அது எவ்வளவு குழந்தைத்தனமாகத் தெரிந்தாலும் சரி.

கடையில் பரிசோதிக்க அதிக நேரம் தேவையில்லை. மாலையில் போக வேண்டும். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் பெருத்திருக்கும். மலையில் போடும் தடித்த சாக்ஸையே போட்டுக்கொள்ள வேண்டும். படிக்கட்டு இருந்தால் படியின் விளிம்பில் பாதத்தின் நடுப்பகுதியை வைத்து ஒற்றைக் காலில் நிற்கலாம். விளிம்பு உள்ளங்காலில் உறைத்தால் அடி போதாது. படி இருப்பதே தெரியவில்லை என்றால் அது தேவைக்கு மேல் தடிமன். பிறகு அதே படியிலிருந்து குதித்து நாலடி ஓடிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். குதிகால் பின்னால் கழன்றால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது அடிப்பகுதி. மென்மையான ரப்பரை முளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சில மாதம் ஓட்டிய ஜோடியைத் திருப்பிப் பார்த்தால் பாதம் வழக்கமாக எங்கே நிற்கிறது என்பது புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். வலது காலில் புள்ளிகள் ஒரே இடத்திலும் இடது காலில் சிதறியும் இருந்தால், தடுமாறுவது இடது கால் என்று அர்த்தம். குழிகள் அடுத்த அடுக்கைத் தொட்டுவிட்டால் அந்த ஜோடியை மலைக்குக் கொண்டுபோவதை நிறுத்தி, தெருவில் ஓட்ட வைத்துக்கொள்ளலாம்.