வெடித்த விரலுக்கு ஓய்வு

சவர்க்காரம், மீனில் பூசும் உப்பு, சம்பலுக்குப் பிழியும் தேசிக்காய் – வெடித்த விரல் நுனியில் இவை பட்டால் எப்படி எரியும் என்பதை நம் சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நோன்பு மாதம் வந்தால் என் உம்மாவின் பெருவிரல் வெடித்துவிடும். கஞ்சிப் பானையும் ஸஹர்ச் சமையலுமாகக் கை காய நேரமிராது. வுழூச் செய்யும்போது முகம் சுளிப்பார். வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்.

விரல் நுனித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. இருக்கிற பசையையும் சவர்க்காரம் எடுத்துவிட, தோல் காய்ந்து தடிக்கிறது. தடித்த தோல் வளையாது. விரலை மடக்கும்போது பிளந்துவிடுகிறது.

இஷாத் தொழுது அடுப்படி வேலையும் முடிந்தபின், வெறும் நீரில் கை கழுவி, ஈரம் முழுதாகக் காயுமுன் வாசலினைத் தடிப்பாகப் பூசுங்கள். மேலே பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். ஸுபஹு வுழூவுக்கு முன் துடைத்துக் கழுவிவிடலாம். ஓரத்தில் தடித்த தோலைப் பிய்க்காதீர்கள். நகம் தேய்க்கும் அரத்தால் மெதுவாகத் தேயுங்கள். பாத்திரம் கழுவும்போது இறப்பர் கையுறை நல்லது. வீங்கினால், சீழ் வைத்தால் டொக்டரிடம் காட்டுங்கள். சீனி வியாதி உள்ளவர்கள் வெடிப்புக் கண்டவுடனேயே காட்டுவது நல்லது.

இவற்றோடு கைக்குச் சில நாள் ஓய்வும் வேண்டும். அதை வாசலின் தராது, வீட்டார்தான் தரவேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது. கணவரும் பிள்ளைகளும் நாலு இரவு கோப்பை கழுவினால் அந்த ஸுன்னத்தும் நிறைவேறும், உம்மாவின் விரலும் ஆறும்.