நகல் எங்கள் வீட்டில் இருந்தது

"சித்தப்பா, இது அது இல்ல. ஒடம்பப் பாருங்க, கறுப்பா இருக்கு."

குடும்ப வாட்ஸப் குழுவில் நான் பெருமையாகப் போட்ட படத்துக்கு வந்த முதல் பதில் இது. எழுதியவள் அண்ணன் மகள், விலங்கியல் படிக்கிறாள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தையே சுற்றிச் சுற்றி வந்த பட்டாம்பூச்சி அது. கறுப்பு இறக்கை. முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையில் குங்குமத்தை விரலால் தொட்டு வைத்ததுபோலப் பொட்டுகள். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து 'சிவப்புடல் அழகி' என்று தீர்மானித்திருந்தேன். உடம்பு சிவப்பு என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நான் இறக்கையை மட்டும் பார்த்தேன்.

நான் படம் பிடித்தது கறிவேப்பிலை அழகியின் பெண். இந்த இனத்தில் ஆணுக்கு ஒரே வேஷம், பெண்ணுக்கு மூன்று. ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். இன்னொருத்தி ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போல. மூன்றாமவள் சிவப்புடல் அழகியைப் போல. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் உடம்பில் நஞ்சு உள்ளவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தின் பக்கம் போகாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தப் பயத்தைக் கடன் வாங்கிப் பிழைக்கிறாள்.

இது புதுச் செய்தியல்ல. ஹென்றி பேட்ஸ் அமேசான் காடுகளில் பார்த்த இத்தகைய வேஷக்காரப் பூச்சிகளைப் பற்றி 1862இலேயே எழுதிவிட்டார். அவருடைய கூட்டாளி வாலஸ் 1865இல் மலேயாப் பகுதிப் பட்டாம்பூச்சிகளின் பல வேஷப் பெண்களைப் பற்றி எழுதினார். இத்தனை வேஷத்துக்கும் சாவி 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுதான் என்பதை 2014இல் கண்டறிந்தவர்களில் முன்னின்றவர் குருஷ்ணமேக் குண்டே. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருப்பவர். நம் வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவுக்கு இவ்வளவு பெரிய சரித்திரம். மருந்தடித்துக் கொன்ற வருடங்களை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனால் கள்ள நோட்டு செல்ல வேண்டுமென்றால் நல்ல நோட்டும் சந்தையில் புழங்க வேண்டும். எங்கள் தெருவில் நகல் பறக்கிறது. அசல் எங்கே?

அசலுக்கு என்ன ஆகாரம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நகலின் புழு கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்னும். பாளையங்கோட்டைப் பக்கம் கறிவேப்பிலை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாம்பாருக்கு வளர்த்ததில் அவளும் வளர்ந்துவிட்டாள். சிவப்புடல் அழகியின் புழுவோ ஒரு குடும்பத்துக் கொடியைத் தவிர வேறெதையும் தொடாது. அந்தக் கொடிக்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை: பெருமருந்து, ஈசுவரமூலி, கருடக்கொடி. கரிசல் காட்டில் தரையோடு படரும் அதன் தங்கைக்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். ஆடே தின்னாத கசப்பை இந்தப் புழு தின்று, அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துத் தனக்குக் காவலாக்கிக்கொள்கிறது.

சரி, ஒரு கொடி வாங்கி நட்டால் முடிந்தது என்றுதான் கிளம்பினேன்.

முதலில் போனது நர்சரிக்கு. குரோட்டன்ஸ், காகிதப்பூ, கொரியன் புல், பெயர் தெரியாத பனை வகைகள். பெருமருந்து என்றதும் கடைப்பையன் விழித்தான். செல்போனில் படம் காட்டினேன். உள்ளே போய், வாத்துபோல வளைந்த பெரிய பூப் பூக்கும் ஒரு கொடியைக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, இதுவும் அதே சாதிதான்." சொன்னது உண்மை. அதே குடும்பம்தான், ஆனால் தென்னமெரிக்காக் கிளை. வாங்கிவந்து நட்டுத் தண்ணீரும் ஊற்றினேன்.

அன்று இரவே ஆஸ்திரேலியாக் கதை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்று ஒரு பெரிய பட்டாம்பூச்சி. அதற்கும் இதே குடும்பத்துக் கொடிதான் உணவு. காட்டை வெட்டி ஊராக்கியதில் கொடி அருகிப்போயிற்று. அதே நேரம் வீடுகளில் அழகுக்கென்று தென்னமெரிக்கக் கொடி ஒன்றை வைத்தார்கள். தாய்ப்பூச்சி வாசனையில் ஏமாந்து அதில் முட்டையிட்டது. பொரிந்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. பிறகு டான் சாண்ட்ஸ் என்ற பூச்சியியலாளரின் முயற்சியில், 1990களில் பள்ளிக்கூடங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அந்த மண்ணின் கொடியையே நட்டுப் பரப்பினார்கள். நட்டவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். நம் ஊர்ப் புழுவுக்கு என் வாத்துக் கொடி ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மறுநாள் காலை பிடுங்கிவிட்டேன்.

அடுத்து டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே பெருமருந்து இருந்தது, காய்ந்த வேராக. கடைக்காரர் எடைபோடும்போதே, "பாம்புக்கடிக்கா?" என்று கேட்டார். பட்டாம்பூச்சிக்கு என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் பேசவில்லை.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூலிகை தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. ஓய்வுபெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது எச்சரிக்கை: "வளருங்க, ஆனா கஷாயம் வச்சுக் குடிச்சிராதீங்க." இந்தக் குடும்பத்துக் கொடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. மருந்தில் சேர்ந்திருந்த சீனத்துப் பங்காளிக் கொடிதான் காரணம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பெருமருந்து என்ற பெயர் எனக்கு அப்போது கொஞ்சம் கேலியாகப் பட்டது.

எழுந்து கிளம்பும்போதுதான் அவர் இரண்டாவதைச் சொன்னார். "நீங்க தப்பான எடத்துல தேடுதிய. அது தோட்டத்துச் செடி இல்ல, வேலிச் செடி. வேலி எங்க இருக்கோ அங்க போங்க."

வேலிக்கு எங்கே போவது? பாளையங்கால்வாய்க் கரையில் ஓரிடம் சொன்னார். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து மேலப்பாளையம் வழியாக எங்கள் பக்கம் வருகிற கால் அது. போய்ப் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையைப் பலப்படுத்திச் சீர்செய்திருந்தார்கள். புதர் என்று சொல்ல ஒரு குச்சியும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஊரே மிதந்த பிறகு கரையைச் சுத்தம் செய்யாதே என்று யாரிடம் போய்ச் சொல்ல?

திருப்புடைமருதூருக்குப் போனது வேறு காரணத்துக்காக. கடனா நதி தாமிரபரணியோடு சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பையிலும் பறவைகள் கூடு கட்டும். 2005 பிப்ரவரியில் நாட்டின் முதல் 'பாதுகாப்புக் காப்பகம்' என்று அறிவிக்கப்பட்ட இடம் இதுதான். மூன்று ஹெக்டேர்கூட இல்லை. மரத்தடியில் எச்சத்துக்குத் தப்பி நின்றுகொண்டு ஒன்றை யோசித்தேன். இந்த மருதத்துக்கு ஒரு சாமி துணை இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் மூங்கில், குற்றாலத்தில் குறும்பலா, சங்கரன்கோவிலில் புன்னை, ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்த புளி. கோயில் கிடைக்காதவற்றுக்கு ஊராவது கிடைத்தது: மருதூர், தாழையூத்து, ஆவரைகுளம், விளாத்திகுளம், கடலோரத்தில் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல். வேலியில் ஏறுகிற கோவைக்கும் உத்தாமணிக்கும் பெருமருந்துக்கும் எந்த ஊர் பெயர் வைத்தது? யாரும் நட்டதில்லை, அதனால் யாரும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

திரும்பும் வழியில், வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வயற்காட்டில் வண்டியை நிறுத்தினேன். பனைமட்டையும் உடைமுள்ளும் வைத்து அடைத்த பழைய வேலி. அதன்மேல் முடக்கத்தான், கோவை, வேலிப்பருத்தி என்று ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுக் கிடந்தன. நான் வேலியைக் கிளறுவதைப் பார்த்து ஒரு ஆச்சி வந்தார்.

"என்னய்யா தேடுதிய?"

"பெருமருந்து, ஆச்சி."

"பாம்புக்கா?"

இந்த முறை ஆமாம் என்றேன். பட்டாம்பூச்சி என்று சொல்லி ஒருமுறை பட்டது போதும். ஆச்சி நேராக வேலியின் கிழக்கு மூலைக்குப் போய் ஒரு கொடியை இழுத்துக் காட்டினார். நீண்ட இலை. குழல்போல வளைந்த சின்னப் பூ. சிறு ஈ உள்ளே போனால் குழலின் ரோமங்கள் வெளியே விடாது. இரவெல்லாம் சிறை வைத்து, மகரந்தத்தைப் பூசித்தான் விடுதலை. முற்றிய காய்கள் வெடித்துத் தலைகீழாகத் தொங்கின. அடுக்களையில் மோர்ப்பானை வைக்கிற உறியைக் குட்டியாகச் செய்து தொங்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. உறிக்குள் காகிதத்துண்டுபோல மெல்லிய விதைகள். வேரோடு ஒரு துண்டும், ஒரு கை விதையும் கொடுத்துவிட்டு ஆச்சி சொன்னார்: "வேலில போட்டுருங்க. தன்னால ஏறிக்கிடும்."

எங்கள் வீட்டில் வேலி ஏது? ஆறடிக் காம்பவுண்டு சுவர்தான், அதன்மேல் கண்ணாடிச் சில்லு.

வீட்டுக்கு வந்ததும் மனைமுகூர்த்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். 2006. பெருமாள்புரம் தாண்டி அன்று எல்லாம் மனையாகப் போடப்பட்டிருந்த வயல்கள். மாலையும் கழுத்துமாக நானும் மனைவியும் செங்கலைத் தொட்டு நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் ஒரு முள்வேலி, இடுப்புயரத்துக்குக் கொடி மூடி. பெருமருந்து அதில் இருந்ததா என்று எவ்வளவு பெரிதாக்கியும் தெரியவில்லை. கோவைப் பழங்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. அடுத்த படத்தில் அந்த வேலி இல்லை. ஜேசிபிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. வாடகையைப் பேரம் பேசிக் குறைத்தவன் நான்தான்.

சுவரை இடிக்க வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. சுவரை ஒட்டி உட்புறம் நாலடி அகலத்துக்குக் கொரியன் புல்லை உரித்தேன். நொச்சி, ஆடாதொடை, விழுதி, ஆவாரை நட்டு, நடுநடுவே பனைமட்டை ஊன்றி, பெருமருந்தையும் உத்தாமணியையும் கோவையையும் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "சார், பாம்பு வந்து அடையும்" என்றார். பாம்பை விரட்டத்தான் இந்தக் கொடியே என்றேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்றெல்லாம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் வந்தது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, உத்தாமணிக்கு. அடுத்த மழைக்குள் தையல்சிட்டு ஒன்று நொச்சிக்குள் குடியேறியது. கோவை பழுத்ததும் கொண்டைக்குருவிகள் வந்தன. ஒரு நாள் மத்தியானம் செம்போத்து ஒன்று புதருக்குள் தத்தித்தத்தி வேட்டையாடிப் போனது. மரம் நட்டதில் இதெல்லாம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் வேம்பும் புங்கையும் பத்து வருடமாக நிற்கின்றன.

அசல் வந்தது இரண்டாவது ஐப்பசியில். தனுஷ்கோடியிலிருந்து கடலைத் தாண்டி இலங்கைக்குக் கூட்டமாகப் போகும் பூச்சி அது. எங்கள் தெருவைத் தாண்ட அதற்கு எவ்வளவு நேரம். அவசரமே இல்லாமல் பறந்தது. நஞ்சுள்ளவர்களுக்கு எதற்கு அவசரம்? கொடியில் உட்கார்ந்தபோது உடம்பு தெரிந்தது. மிளகாய்ப்பழச் சிவப்பு. 1758இல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸ், மார்பில் சிவப்புள்ள பட்டாம்பூச்சிகளையெல்லாம் ட்ராய் நகரத்து வீரர்களாக்கி, இதற்கு ஹெக்டர் என்று பேர்சூட்டினார். அண்ணன் மகளுக்குப் படம் அனுப்பினேன், உடம்பு தெரிகிற மாதிரி. "இப்பம் சரி" என்று மட்டும் பதில் வந்தது.

முட்டைகள் பொரிந்து கருஞ்சிவப்புப் புழுக்கள் வந்தன. பத்தே நாளில் இலை போயிற்று, பூ போயிற்று, இளந்தண்டும் போயிற்று. இன்னும் பாதி வளராத ஏழு புழுக்கள் மொட்டைக் குச்சியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. விடிகாலையில் வீரவநல்லூருக்கு வண்டியை எடுத்தேன். நல்லவேளை, வேலி அங்கேயே இருந்தது, ஆச்சியும்.

விஷயத்தைச் சொன்னேன். ஆச்சி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புழு திங்கவாய்யா என் கொடிய வாங்கிட்டுப் போனிய?"

சொல்லிக்கொண்டே இரண்டு கை நிறைய அறுத்துப் போட்டார்.