வன்னி மண்ணும் முதல் நூலும்

நூல் ஒன்று எழுதவேண்டும் என்னும் விருப்பம் பெரும்பாலும் பிறர் எழுதிய நூலொன்றைப் படித்து முடித்த இரவிலேதான் தோன்றுகின்றது. வன்னிப் பெருநிலத்தில், குளக்கட்டை அண்டிய வீடொன்றில், பரீட்சைக்கு வாங்கிய கொப்பியின் எஞ்சிய தாள்களில் தன் நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்கும் இளைஞன் ஒருவனை இங்கே கற்பனை செய்து கொள்ளலாம். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அத்தகையோர் பலர் உளர். அவன் எழுதிய முதல் வாக்கியத்தில் கதாநாயகன் சென்னை மெரீனாக் கடற்கரையில் நிற்கின்றான். எழுதியவனோ சென்னையைக் கண்டவனல்லன். அவன் வீட்டு வாசலில் நிற்கும் பாலைமரத்திற்கு அந்த அத்தியாயத்தில் இடமே இல்லை.

எழுத முனைவோர் பலரும் இடறும் முதற்படி இதுவே. தம்மைச் சுற்றியுள்ளது எழுதத் தகுதியற்றது என்றும், எழுதத்தக்கது எங்கோ தொலைவில் உள்ளது என்றும் அவர்கள் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு வன்னியிலேயே சான்று உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் தமது முதல் நாவலுக்குக் களமாகத் தெரிந்தெடுத்தது தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் குடியிருப்பையாகும். 'நிலக்கிளி' என்னும் அந்நாவல் 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்து, ஈழத்துத் தமிழ் நாவல்களுள் தனக்கெனவோர் இடத்தைப் பெற்றுக்கொண்டது. காடும் குளமும் கமமும் சில குடும்பங்களின் அன்பும் பகையுமே அதன் பொருள். பரந்த உலகத்தைக் காட்ட அந்நாவலாசிரியர் முற்படவில்லை. தாம் நன்கறிந்த சிறு வட்டத்துக்குள் ஆழமாக இறங்கினார்.

இதனோடு மற்றுமொரு செய்தியும் எண்ணுதற்குரியது. 1984 இல், இனப்போர் மூண்ட காலத்தில், தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. அவ்வூரின் அன்றைய வாழ்வு நிலத்தில் நிலைக்கவில்லை. அதன் சாயல் நூலில் நிலைத்தது. 'ஊர் எங்கே போய்விடப் போகின்றது, ஆறுதலாக எழுதலாம்' என்று வன்னியில் எவரும் இருந்துவிட இயலாது. இம்மண்ணில் நூல் எழுதுதல் என்பது ஒருவகையிற் காத்தற்றொழிலுமாகும்.

எனவே அவ்விளைஞன் செய்யவேண்டிய முதல் வேலை எழுதுதல் அன்று, பெயரறிதலாகும். மரம் என்று எழுதாது பாலை, வீரை, முதிரை என்று எழுத அவன் பழகவேண்டும். குளம் என்றவுடன் நீர்ப்பரப்பை மாத்திரம் காணாது, துருசு எங்கே, வான் பாயும் இடம் எது, அலைகரை எதுவரை என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாது பொலி என்று வழங்கும் மரபு முதியோர் நாவில் இன்னும் உண்டு. இத்தகைய சொல்லைக் கதையில் வைக்கும்போது அதன் பொருளைக் கதையின் நடப்பே உணர்த்துமாறு செய்யவேண்டும். நூலின் ஈற்றில் அருஞ்சொல் விளக்கம் சேர்த்துத் தப்பிக்க முயலுதல் கூடாது. 'தம்பி, இந்தக் குளத்துக்கு இந்தப் பேர் என்னெண்டு வந்ததெண்டு தெரியுமோ?' என்று அம்மம்மா கேட்கும்போது, 'பிறகு சொல்லுங்கோ, அம்மம்மா' என்று எழுந்து போகிறவன் தன் நூலின் ஒரு பக்கத்தைக் கைவிட்டுப் போகிறான். அவளுக்குப் பின்னர் அப்பக்கத்தை எவராலும் எழுத இயலாது.

இரண்டாவது வேலை குறிப்பெடுத்தல். இங்கு அயலவர் ஒருவரின் உதாரணம் பயனுடையது. லெனார்ட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றினார். அன்றாடம் கண்டவற்றை உத்தியோக நாட்குறிப்பில் எழுதுவது அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. காட்டின் நடுவே தேய்ந்தழியும் கிராமமொன்றைப் பற்றிய அவரது நாவல் 1913 இல் வெளிவந்தது. வேற்று நாட்டவராயினும் அக்கிராம மக்களின் வறுமையையும் அச்சத்தையும் அவராற் காட்ட முடிந்தமைக்கு, நாள்தோறும் கண்டு கேட்டு எழுதிய பழக்கமும் ஒரு காரணம் எனலாம். யாழ்ப்பாணத்தவரான செங்கை ஆழியானும் நிருவாக அதிகாரியாக வன்னியிற் பணிபுரிந்தவர். விவசாயக் கிராமமொன்றில் நிகழும் சுரண்டலைப் பொருளாகக் கொண்ட 'காட்டாறு' அவ்வனுபவத்தின் அறுவடையாகும். வந்து சேர்ந்தவர்களே இவ்வளவு கண்டார்களெனின், பிறந்து வளர்ந்தவன் காணத்தவறுவது கண்ணின் குறையன்று, பழக்கத்தின் குறையாகும். சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பியும் பேனையும் இருப்பின் அக்குறை நீங்கும். கேட்ட சொல்லைக் கேட்டவாறே, அன்றைய திகதியோடு எழுதிவைத்தல் வேண்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்டால், எஞ்சுவது பிறர் சொல்லன்று, தன் சொல்லே.

மூன்றாவது, முடித்தல். தொடங்கப்பட்ட நாவல்கள் வன்னியில் மிகப்பல, முடிக்கப்பட்டவை மிகச்சில. கமம் செய்யும் வீட்டில் ஓய்வு நேரம் தானாக வந்து வாய்ப்பதில்லை. ஆயின் கணக்கு அச்சமூட்டுவதன்று. நாளொன்றுக்கு 300 சொற்கள், கிழமைக்கு 5 நாட்கள் என்று எழுதினால் 40 கிழமைகளில் 60,000 சொற்கள் சேரும். அது ஒரு நாவலுக்குப் போதுமானது. ஆண்டின் எஞ்சிய 12 கிழமைகளைக் காலபோக விதைப்புக்கும் அரிவுவெட்டுக்கும் விட்டுவிடலாம். நீர் உள்ளவரைக்குமே வயல் விதைக்கும் கமக்காரன், குளத்தின் மட்டத்தைப் பார்த்துத் தன் வேலையை வகுத்துக்கொள்கிறான். எழுதுபவனும் தன் நேரத்தின் மட்டத்தை அறிந்து நூலின் அளவை வகுத்துக்கொள்ளுதல் நன்று. முதல் அத்தியாயத்தையே மீண்டும் மீண்டும் திருத்திக் கொண்டிருத்தல் முடிக்காமைக்கு ஒரு சாட்டேயன்றி வேறன்று. முதல் வரைவு குறையுடையதாகவே இருக்கும்; இருக்கட்டும். முழுதாக நிற்கும் குறையுள்ள வரைவைத் திருத்தலாம். எழுதப்படாத ஒன்றைத் திருத்துதல் எவர்க்கும் இயலாது. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி 1970களில் எழுதத் தொடங்கியவர். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த பதிற்றாண்டுகள் ஊடாகவும் எழுதிக்கொண்டே இருந்து, கிளிநொச்சி மண்ணிற் குடியேறிய கமக்காரரின் கதையைப் 'பச்சை வயல் கனவு' என்னும் நாவலாகத் தந்தார். அமைதியான காலம் வரட்டும் என்று அவர் காத்திருந்திருப்பின் அந்நூல் பிறந்திராது.

நான்காவது, உண்மையைச் சரிபார்த்தல். வரலாற்று நாவல் எழுத விழைவோர் வன்னியில் முதலில் நாடுவது பண்டாரவன்னியனையே. கற்சிலைமடுவில் உள்ள நினைவுக்கல்லோ, 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதையே கூறுகின்றது. தோல்வி வேறு, மரணம் வேறு. மக்கள் வழக்கில் அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் போன்ற பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பவனுக்கே கல் சொல்வதற்கும் கதை சொல்வதற்கும் இடையிலுள்ள இடைவெளி புலனாகும். அவ்விடைவெளியைக் கற்பனையால் நிரப்ப நாவலாசிரியனுக்கு உரிமையுண்டு. ஆனால் தான் நிரப்புகின்றான் என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறியாது செய்வது கற்பனையன்று, தவறு.

ஐந்தாவது, யாவற்றினும் கடினமானது. 2009 இன் பின்னர் வன்னியில் எழுதப் புகுவோன் எவனுக்கும் பிறர் துயரமே முதலிற் கைக்கெட்டும் பொருளாகும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிற் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அமர்ந்திருக்கும் தாயை ஒரு பந்தியில் உருக்கமாக வருணித்துவிடுதல் எளிது. அத்தாய் அதனைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று எண்ணிப் பார்த்தல் எளிதன்று. ஒருவர் தம் துயரைச் சொன்னால், அதனை எழுதலாமா என்று அவரையே கேட்கவேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். 'இதை மட்டும் எடுத்துப்போடு, தம்பி' என்று அவர் சொன்னால், அது அத்தியாயத்தின் மிகச்சிறந்த பந்தியே ஆயினும் எடுத்துவிட வேண்டும். நூல் ஒரு பந்தியை இழந்து வாழும். நம்பிக்கை ஒருமுறை இழக்கப்படின் அவ்வூரில் அவனுக்கு மறுபடியும் எவரும் வாய் திறவார்.

வாசித்துக் காட்டுதல் பிறிதொரு வகையிலும் பயனுடையது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தை விடிய விடியக் கண்டும் கேட்டும் வளர்ந்த முதியோருக்குக் கதையின் தொய்வு செவியிலேயே பிடிபட்டுவிடும். பண்டிதர் ஒருவர் இலக்கணப் பிழையைச் சுட்டுவார்; திண்ணையில் இருக்கும் அப்பு கொட்டாவி விடும் இடம் எதுவோ, அதுவே கதை நின்றுபோன இடம். இருவரும் வேண்டப்படுபவரே. அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்பைத் திருத்துவதற்கு மட்டும் எழுதியவனல்லாத மற்றொருவரை நாடவேண்டும். எழுதியவன் கண் தாளில் உள்ளதைக் காணாது, தன் மனத்தில் உள்ளதையே காணும்.

இனி அச்சேற்றம். ஈழத்துத் தமிழ் எழுத்தாளர் பலர் தம் நூலைத் தாமே செலவிட்டு வெளியிடுபவர் என்பது மறைக்கத்தக்கதன்று. ஆகவே முதல் நூலுக்காக வீட்டு நகை அடகுக்கடைக்குப் போதல் கூடாது. இக்காலத்தில் எண்ணிம அச்சுமுறையால் குறைந்த அளவு பிரதிகளை முதலில் அடித்து, விற்ற பின்னர் மேலும் அடித்துக்கொள்ள இயலும். சர்வதேச தராதர நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்துப் பெறலாம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கி அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்வது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அது நாணத்தக்கதன்று. ஆயின் மேடையிற் பாராட்டுப் பெற்ற நூல் படிக்கப்பட்ட நூல் ஆகிவிடாது. மாலையும் பொன்னாடையும் போனபின், ஒரு பிரதியாவது பாடசாலை நூலகத்தின் தட்டிற்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இறுதியாக, பிரதி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றுள், வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் இருந்தன. 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊரூராகப் பெயர்ந்த மக்கள் அரிசியையும் பிள்ளைகளையும் சுமப்பதா, கொப்பிகளைச் சுமப்பதா என்று எண்ணிநிற்க வேண்டியதே இல்லை, விடை வெளிப்படையானது. கொப்பிகள் வழியிலேயே கிடந்தன. இதனை நினைவிற் கொண்டவன் தன் கையெழுத்துப் பிரதியை ஒரே இடத்தில் வைத்திருக்கமாட்டான். ஒன்று வீட்டில், ஒன்று வேறூரில் உள்ள உறவினரிடம், ஒன்று கணினியில் என மூன்றாக்கிக் கொள்வான். அச்சான நூலின் பிரதி ஒன்றை 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்திற்குக் கொடுப்பின், ஓர் ஊர் கலைந்தாலும் நூல் கலையாது.

தொடக்கத்திற் கண்ட இளைஞன் இவை யாவும் கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. பெயரறிதல், குறித்துவைத்தல், முடித்தல், சரிபார்த்தல், கேட்டு எழுதுதல், பிரதி வைத்தல் ஆகிய ஆறும் மேதைமை வேண்டும் தொழில்களல்ல. பொறுமை வேண்டும் தொழில்களே. மெரீனாவில் நிற்கும் கதாநாயகனை அவன் இப்போது அழித்துவிடலாம். கொப்பியின் அடுத்த தாள் வெறுமையாக உள்ளது. வாசலிற் பாலைமரம் நிற்கின்றது. உள்ளே அம்மம்மா இன்னும் உறங்கவில்லை. குளத்துக்கு அந்தப் பெயர் எவ்வாறு வந்தது என்பதை அவன் இன்றிரவே கேட்டுவிடலாம்.