கேத்தி பாலாடாவும் அம்மாவின் மூணு மணியும்

போன டிசம்பர்ல ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவை ஒரேயடியாகத் திருப்பூருக்கு அழைச்சிக்கிட்டு வந்துடறதுன்னு முடிவு பண்ணி, வாடகை வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துட்டுத்தான் கிளம்பினேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லலை. நேர்ல சொன்னா மறுக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது.)

குன்னூர் வரைக்கும் பஸ். அங்கேர்ந்து மலை ரயில். வெலிங்டன், அருவங்காடு தாண்டினா கேத்தி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல இருக்கிற பல்சக்கரப் பாதை இந்தப் பக்கம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். 1899ல் குன்னூர் வரைக்கும் வந்த ரயில், இன்னும் கொஞ்ச தூரம் ஏறி ஊட்டியைத் தொட 1908 ஆச்சு. கேத்தி ஸ்டேஷனை நீங்க பார்த்திருப்பீங்க, ஊட்டிக்கே வராதவங்க கூட. 1982ல் வந்த 'மூன்றாம் பிறை'யோட கடைசிக் காட்சி, மழையில கமல் கத்திக் கதறுவாரே, அந்த ஸ்டேஷன்தான். எங்க ஊருக்குக் கிடைச்ச பெரிய புகழ் அது. இன்னொண்ணும் உண்டு. எல்லநள்ளியில இருக்கிற ஊசித் தொழிற்சாலை, 1949ல் ஆரம்பிச்சது. உங்க வீட்டுத் தையல் டப்பாவுல இருக்கிற ஊசி எங்க ஊர்லேர்ந்து வந்ததா இருக்கலாம்.

குன்னூர்லேர்ந்து ஊட்டிக்குக் கார்ல போறவங்க ஒரு வளைவுல வண்டியை நிறுத்தி, கீழே பார்த்து, 'தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்து'ன்னு போட்டோ எடுப்பாங்க. அவங்க பார்க்கறது எங்க பள்ளத்தாக்கைத்தான். மேலேர்ந்து பார்த்தா சரிவெல்லாம் தேயிலை, நடுநடுவே சீகை மரமும் கற்பூர மரமும், மேட்டுல வரிசை வரிசையா ஓட்டு வீடுகள், அடியில கட்டம் கட்டமா காய்கறித் தோட்டம். அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த அழகுல ஒவ்வொண்ணும் ஏன் அங்கே இருக்குன்னு ஒரு கணக்கு உண்டு. அது எனக்குத் தெரிஞ்சது தாத்தாவாலதான்.

தேயிலைக்கு உறைபனி ஆகாது. குளிர்ந்த காத்து கனமானது. ராத்திரி சரிவு வழியா மெதுவா இறங்கி வந்து பள்ளத்துல தேங்கிடும். அதனால டிசம்பர், ஜனவரியில மேட்டை விட அடிவாரத்துலதான் பனி அதிகம் உறையும். காலையில பார்த்தா புல்லு மேல உப்புத் தூவின மாதிரி இருக்கும். அதனால பள்ளத்துல தேயிலை போட்டா கருகிப் போகும்னு அதைச் சரிவுல வச்சாங்க, காய்கறியை அடியில. அந்த அடி நிலத்துக்குத்தான் 'பாலாடா'ன்னு பேரு. ஒரு காலத்துல சதுப்பா, தண்ணி தேங்கிக் கிடந்த இடம். வாய்க்கா வெட்டித் தண்ணியை வடிச்சு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட்டுன்னு ஆக்கிட்டாங்க. கேத்தி பாலாடா மாதிரியே முத்தோரை பாலாடாவும் உண்டு. உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957ல் வந்தது அங்கேதான்.

மேட்டுல தெரியற வரிசை வீடுகள் படுகர்களோட ஹட்டிகள். கேத்தி, அச்சனக்கல், உல்லாடா, அந்தப் பக்கம் அதிகரட்டின்னு நீளும். வீட்டோட வீடு ஒட்டி, ஒரே வரிசையா, முன்னால பொது வாசலோட இருக்கும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளைத் துணியில கிளம்பும். இந்தப் பக்கத்துலயே கொல்லிமலைன்னு கோத்தர்கள் ஊரும் இருக்கு. நீலகிரியில இருக்கிற ஏழு கோத்தர் ஊர்கள்ல அது ஒண்ணு. இவங்க எல்லாம் இங்கே பல தலைமுறை. 1846ல் பாசல் மிஷன்காரங்க கேத்தியில வந்து உட்கார்ந்தப்பவே இவங்க பழைய ஆளுங்க. நாங்க?

நாங்க 'சிலோன்காரங்க'.

1964 அக்டோபர்ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கைத் தோட்டங்கள்ல நாடில்லாம இருந்தவங்க 9,75,000 பேர். அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியை அப்புறம் பேசிக்கலாம்னு கணக்கு. காய்கறி பங்கு போட்ட மாதிரி. அந்த இந்தியப் பங்குல எங்க தாத்தாவும் பாட்டியும் ஆறு வயசு அம்மாவும் 1970ல் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினாங்க. மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள். தாத்தா பிறந்தது தலவாக்கலை பக்கம். அவரோட அப்பாவும் அங்கேதான். ஆக, 'தாயகம் திரும்பியோர்'னு சர்க்கார் பேர் வச்ச மூணு பேர்ல ஒருத்தரும் அதுக்கு முன்னால இந்தியாவைப் பார்த்ததே இல்லை!

திரும்பி வந்தவங்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில 1968லேயே ஆரம்பிச்சிருந்தாங்க. எல்லாருக்கும் அதுல இடம் கிடைக்கலை. எங்க தாத்தாவுக்கும் கிடைக்கலை. யாரோ சொல்லி கேத்தி பாலாடாவுக்கு உருளைக்கிழங்கு தோண்ட வந்தார். வந்து இறங்கின முதல் நாள், சுத்திப் பார்த்துட்டு, "அட, நுவரெலியா மாதிரியே இருக்கே"ன்னாராம். குளிர், தேயிலை, காய்கறி, வெள்ளைக்காரன் பேர் வச்ச பங்களா எல்லாம் அதே. அவர் தங்கிட்டதுக்கு அது ஒண்ணுதான் காரணம்னு பாட்டி சொல்லும். பாட்டி சாகற வரைக்கும் எங்க வீட்டை 'லயம்'னுதான் சொல்லிச்சு. அது லயமே இல்லை, தகரம் போட்ட ஒத்தை வீடு.

இப்போ அம்மாவுக்கு அறுபது தாண்டியாச்சு. முட்டி வலி. ஆனாலும் விடிகாலை கேரட் பிடுங்கப் போறாங்க. விடிகாலைன்னா அஞ்சு, ஆறு மணின்னு நினைக்காதீங்க. இரண்டரைக்கு எழுந்திருச்சு மூணு மணிக்குத் தோட்டத்துல இருக்கணும். கேரட்டை இருட்டுலயே பிடுங்கி, தழையைத் திருகி எடுத்து, மூட்டை பிடிச்சு, கழுவற மிஷினுக்கு அனுப்பி, அங்கேர்ந்து லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கீழே இறங்கணும். மண்டிக்கு நேரமாச்சுன்னா விலை போச்சு. அதுக்காக இவங்க தூக்கம் போகணும்.

வழியில காட்டெருமை நிக்கும். கரடியும் வரும். பக்கத்து லைன்ல ஒரு அக்காவை காட்டெருமை முட்டினதுல இடுப்பு போய், இன்னும் படுக்கையில இருக்காங்க. இதைக் கேட்டதுல இருந்துதான் எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது.

ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். வீடு பார்த்தாச்சு, கீழ் வீடு, படி ஏற வேண்டாம், பக்கத்துலயே ஆஸ்பத்திரின்னு. அம்மா ஒண்ணும் சொல்லலை. தட்டைக் கழுவி வச்சுட்டு, "காலையில தோட்டத்துக்கு வர்றியா தம்பி? சின்னப் புள்ளையில வந்தது"ன்னாங்க. அவ்வளவுதான்.

மூணு மணி. ஸ்வெட்டர், மேலே தாத்தாவோட பழைய கோட்டு, தலைக்கு மப்ளர். அப்படியும் பல்லு அடிச்சுக்கிச்சு. தோட்டத்துல இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க. ஒவ்வொருத்தர் நெத்தியிலும் ஒரு டார்ச் லைட். பனி விழுந்த மண்ணு கையில பட்டா சுடற மாதிரிதான் இருக்கு, குளிர்ற மாதிரி இல்லை. நான் பத்து நிமிஷத்துல விரல் மரத்துப் போய் நிமிர்ந்துட்டேன். அம்மா நிமிரவே இல்லை. நடுவுல தோட்டக்காரர் வந்தார். படுகர், எங்க தாத்தா காலத்துலேர்ந்து பழக்கம், கவுடர்னு கூப்பிடுவோம். அவரும் அம்மாவும் படுகுல பேசிக்கிட்டாங்க. அம்மா படுகு பேசறதைக் கேட்டா வித்தியாசமே தெரியாது. எனக்குப் புரியும், பேச வராது.

விடிஞ்சதும் கழுவற இடத்துக்குப் போனோம். பெரிய உருளைக்குள்ள கேரட்டைக் கொட்டி, தண்ணியைப் பீய்ச்சிச் சுத்த விடறாங்க. மண்ணு கரைஞ்சு செந்நிறமா ஓடை பக்கம் ஓடுது. அந்த ஓடைதான் காட்டேரி. கொஞ்ச தூரத்துல காட்டேரி அணை, அப்புறம் அருவி. அந்த அருவியில மின்சாரம் எடுத்துத்தான் ஒரு காலத்துல அருவங்காடு வெடிமருந்து ஆலைக்குக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் குன்னூர் ஆத்துல சேர்ந்து, மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில கலக்குது. மேட்டுப்பாளையத்துலேர்ந்துதான் பவானித் தண்ணி குழாய்ல திருப்பூருக்கு வருது. இதை நான் அம்மாகிட்ட பெருமையா விளக்கினேன். அம்மா கேரட்டைப் பார்த்துக்கிட்டே, "அப்ப நான் கேரட்டு கழுவுன தண்ணியத்தான் நீ அங்க குடிக்கிறியா"ன்னாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மருந்தும் உரமும் இந்த ஓடையில எவ்வளவு கலக்குதுன்னு யோசிச்சுப் பார்த்தா சிரிக்க முடியலைங்கறது வேற விஷயம்.

திரும்பி வரும்போது அம்மா வேற வழியா கூட்டிட்டுப் போனாங்க. சரிவுல ஒரு இடம். இப்போ சீகைச் செடி மண்டிக் கிடக்கு. எங்க பழைய வீடு இருந்த இடம். 2009 நவம்பர் 10. எனக்கு அந்தத் தேதி மறக்காது. கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. வடகிழக்குப் பருவமழை நீலகிரியோட கிழக்குப் பக்கத்தைத்தான் பிடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி எல்லாம் அந்தப் பக்கம். (அவலாஞ்சியும் குந்தாவும் தென்மேற்குப் பருவமழைக்கு ஆடும். 2019 ஆகஸ்ட்ல ஆடிச்சு.) மாவட்டம் முழுக்க நூத்துக்கணக்கான இடத்துல மண் சரிஞ்சு, நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அச்சனக்கல் பக்கம் வீடுகள் மண்ணுக்குள்ள போச்சு. நான் அப்போ கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல. போன் கிடைக்கலை. ரோடு கிடையாது, ரயில் கிடையாது. இரண்டு நாள் கழிச்சுத்தான் அம்மாவும் பாட்டியும் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சது.

அன்னிக்கு ராத்திரி நடந்ததை அம்மா இதுவரைக்கும் முழுசா சொன்னதில்லை. அந்த இடத்துல நின்னு சொன்னாங்க. வீட்டுப் பின்சுவர்ல தண்ணி கசிய ஆரம்பிச்சதும் அம்மாவுக்கு பயம் வந்துடுச்சாம். பாட்டி நகர மாட்டேன்னு பிடிவாதம். அப்போ மேலேர்ந்து கவுடரும் அவர் பையனும் டார்ச்சோட இறங்கி வந்து, பாட்டியை முதுகுல தூக்கிக்கிட்டு ஹட்டிக்குக் கொண்டு போயிட்டாங்க. அவங்க மேலே போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்துல வீடு போச்சு. அந்த வீட்டுல இருந்த எல்லாம் போச்சு. ஒண்ணே ஒண்ணு தவிர. பாட்டி மடியில கட்டி வச்சிருந்த குடும்ப அட்டை. மண்டபம் முகாம்ல 'தாயகம் திரும்பியோர்'னு கொடுத்தது.

இப்போ இருக்கிற வீட்டுக்குப் பட்டா கேட்டு அம்மா மூணு தடவை மனு கொடுத்திருக்காங்க. ஒரு அலுவலகத்துல, "நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்டாங்களாம். கேத்தின்னு சொன்னதுக்கு, "அதில்லம்மா, சொந்த ஊரு?"ன்னு திரும்பக் கேட்டாங்களாம். அம்மா அந்த அட்டையை எடுத்து மேஜை மேல வச்சாங்களாம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, பிறகு வரச் சொல்லிட்டாங்க.

"ஆறு வயசுல ஒரு ஊர விட்டு வந்தேன். என்னையக் கேக்கல. எங்கப்பனையும் கேக்கல. இப்ப நீயும் கேக்காமத்தானே வீடு புடிச்சிருக்க?"

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. முட்டி வலியையும் காட்டெருமையையும் பத்தி நான் சேர்த்து வச்சிருந்த வாதம் எல்லாம் அப்படியே நின்னு போச்சு. அதெல்லாம் உண்மைதான், இப்பவும் உண்மைதான். ஆனா இரண்டு நாட்டு சர்க்கார் செஞ்சதையே, நல்லதுன்னு நினைச்சு, நானும் செஞ்சிருக்கேன்.

கடைசியில ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பனி மாசம் இரண்டும் திருப்பூர்ல என்கூட. மீதி நாள் கேத்தி. மூணு மணி வேலைக்குத் தனியா நடக்கக் கூடாது, நாலு பேர் சேர்ந்தா மட்டும் போகணும். பட்டா மனுவை இந்தத் தடவை நான் எழுதறேன், நானே கூட வர்றேன். அம்மா தலையாட்டினாங்க. பனி மாசம் எப்போ ஆரம்பிக்குதுங்கறதை அவங்கதான் முடிவு பண்ணுவாங்கன்னு ஒரு நிபந்தனையோட! இந்த வருஷம் இன்னும் ஆரம்பிக்கலையாம். புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, "இது சும்மா நீர்ப்பனிடா"ங்கறாங்க.

திருப்பூர் வீட்டுக்காரர் முன்பணத்துல பாதியைப் பிடிச்சுக்கிட்டார். போகட்டும். ஒரு சாக்குல அஞ்சு கிலோ கேரட் தோள்ல தொங்க, ஸ்டேஷன்ல ரயிலுக்கு நின்னேன். அம்மா வரலை. அடுத்த நாள் வேலை இருக்கு, சீக்கிரம் படுக்கணும்னுட்டாங்க.

அடுத்த தடவை ஊட்டிக்கு விடிகாலையில மலை ஏறறவங்க, அந்த வளைவுல வண்டியை நிறுத்தினா, வெளிச்சம் வர்றதுக்கு முன்னால ஒரு தடவை கீழே பாருங்க. அடி பள்ளத்துல சின்னச் சின்ன வெளிச்சம் குனிஞ்சு குனிஞ்சு நகரும். மின்மினி இல்லை. எங்க ஊரு ஜனங்க. அதுல ஒண்ணு எங்கம்மா.