காட்பாடியில் இறங்கிய இன்ஜினீயர்!

காட்பாடி ஜங்ஷனில் ட்ரெயின் நின்னதும் கூட்டம் ரெண்டா பிரியுது. லேப்டாப் பையோட இறங்குற பசங்க வி.ஐ.டி. பக்கம். ஸ்கேன் கவரும் கவலை முகமுமா இறங்குற பெங்கால், ஜார்க்கண்ட் குடும்பங்கள் வேலூர் பக்கம். நானும் இன்ஜினீயரிங்தான். ஆனா ரெண்டாவது கூட்டத்தோட பஸ் ஏறினேன். காரணம், என் பெரியப்பா பையன்.

அண்ணன் மெக்கானிக்கல் முடிச்சவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ரெண்டு வருஷம் குவாலிட்டி செக்கிங். திடீர்னு வேலையை விட்டுட்டு, 24 வயசில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தார். இப்போ மூணாவது வருஷம். அன்னியிலேர்ந்து பெரியப்பா அவரோட பேசுறதில்லை. "எப்படி இருக்கான்னு பார்த்துட்டு வாடா"ன்னு முறுக்கு டப்பாவோட என்னை அனுப்பினது பெரியம்மா.

பாலாற்றுப் பாலத்தில் ஆர்வமா எட்டிப் பார்த்தேன். நான் போனது மே மாசம், மணல்தான் ஓடுச்சு! பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டை. ஒரு சலாம் போட்டுட்டு காந்தி ரோடுக்குள் நுழைஞ்சா, இது வேலூரா கொல்கத்தாவான்னு டவுட் வந்துடும். லாட்ஜ், மெடிக்கல் ஷாப்னு திரும்பின பக்கமெல்லாம் பெங்காலி எழுத்து. மெஸ்ஸில் மீன் குழம்பு வாசனை.

இவ்வளவு கூட்டத்துக்கும் ஆரம்பம் ஒரே ஒரு கட்டில். 1900-ல் ஐடா ஸ்கடர் ஆரம்பிச்ச கிளினிக், இப்போ சி.எம்.சி.! டாக்டராகணும்னு அந்தம்மாவுக்கு முதலில் எண்ணமே இல்லை. ஒரே ராத்திரியில் மூணு பேர் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தாங்க. ஐடாவோட அப்பா டாக்டர். ஆனா ஆம்பளை டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. 1946-ல், இந்தியாவில் முதன்முதலா நர்சிங் டிகிரி தொடங்கின இடங்களில் ஒண்ணு இது.

அண்ணன் படிக்கிறது பக்கத்தில் வேற காலேஜ். டியூட்டி முடிஞ்சு டீக்கடைக்கு வந்தார். கூடப் படிக்கிறவங்களைவிட ஆறேழு வயசு பெரியவர். "ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாரும் சார்னு எந்திரிச்சு நின்னாங்கடா!"

"ஏன்ணே இப்படிப் பண்ணீங்க?"

தாத்தா ஸ்ட்ரோக் வந்து படுத்தப்போ மூணு வாரம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அண்ணன்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப் புண் வரும்னு ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாங்களாம். "தாத்தா முதுகுல ஒரு கீறல்கூட விழலை. கம்பெனியில ஆயிரக்கணக்கான பீஸ் செக் பண்ணியிருக்கேன். அந்த நிம்மதி அங்க வந்ததே இல்ல."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பி.இ. எஜுகேஷன் லோனே இன்னும் முடியலை. முதல் தடவை பெட்பேன் எடுத்த அன்னிக்கு அவரால் சாப்பிட முடியலை. பெண் பேஷன்ட் சிலர் "லேடி நர்ஸ் இல்லையா?"ன்னு கேட்பாங்க. "உடனே தள்ளி வந்து சிஸ்டரைக் கூப்பிடுவேன். ஐடா கதையைப் படிச்சவன் கோபப்பட முடியுமா?"

படிச்ச கணக்கு வீண் போகலையாம். 500 மில்லி டிரிப், நாலு மணி நேரத்தில் ஏறணும், ஒரு மில்லிக்கு 20 துளி. நிமிஷத்துக்கு எத்தனைன்னு கேட்டார். நான் செல்லைத் தேடுறதுக்குள்ள "42"ன்னுட்டார். அவமானம் பாஸ்!

எனக்கும் லேசா ஆசை எட்டிப் பார்த்துச்சு. ஆனா பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் பயாலஜி வேணும். அண்ணன் பயோ-மேத்ஸ், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். "ஜி.என்.எம். டிப்ளமோ இருக்கு, 35 வயசு வரைக்கும் சேரலாம். அதுக்கு முன்னாடி உன் அரியரை முடி"ன்னார்.

கிளம்புறப்போதான் கேட்டார்: "அப்பா கால் புண்ணு ஆறிடுச்சாடா?"

பெரியப்பாவுக்கு சுகர். பதிலுக்குக் காத்திருக்காம, டீக்கடையில் பேப்பர் வாங்கி எழுதிக்கொடுத்தார். தினமும் பாதத்தைப் பார்க்கணும், கழுவி விரலிடுக்கில் ஈரம் இல்லாம துடைக்கணும், வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கக் கூடாது, புண் ஆறலைன்னா உடனே டாக்டர்கிட்ட போகணும். கடைசியில் கையெழுத்துப் போடலை.

நான் பெரியம்மாகிட்ட கொடுத்தேன். அவங்க டி.வி. மேல வெச்சாங்க. பெரியப்பா பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஒரு வாரம் கழிச்சு பெரியம்மா போன். "டேய், உங்க பெரியப்பா செருப்போட வீட்டுக்குள்ள நடக்குறாருடா!"