விலா எலும்பில் உண்மையும் பொய்யும்

விலா எலும்பில் கூட உண்மை, பொய் என்று உண்டு. கிண்டல் இல்லை, உடற்கூறு புத்தகங்களிலேயே அந்தப் பெயர்தான்!

மனிதனுக்கு 12 ஜோடி விலா எலும்புகள். எல்லாமே பின்னால் முதுகெலும்பில் தொடங்குகின்றன. வித்தியாசம் முன்பக்கம்தான். மேலே உள்ள 7 ஜோடி, தனித்தனிக் குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பைத் தொடும். இவை உண்மை விலா. அடுத்த 3 ஜோடிக்கு நேர்வழி கிடையாது, மேலே இருப்பதன் குருத்தெலும்பில் தொற்றிக்கொள்ளும். இவை பொய் விலா. கடைசி 2 ஜோடி எதையும் தொடாமல் சதைக்குள்ளேயே நின்றுவிடும். இவை மிதக்கும் விலா. (ஆணுக்கு ஒன்று குறைவு என்பார்களே, அது வெறும் கதை. இருவருக்கும் ஒரே கணக்குதான்.)

மாட்டுக்கு 13 ஜோடி, அதில் 8 உண்மை. நாய்க்கும் 13தான், ஆனால் 9 உண்மை. குதிரைக்குப் பொதுவாக 18, அதில் உண்மை 8 மட்டுமே.

எதற்கு இத்தனை வகை? விலாவுக்கு இரண்டு வேலை. இதயத்தையும் நுரையீரலையும் காக்கும் பெட்டியாக இறுக்கமாக இருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விரிந்து கொடுக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போகாத காரியங்கள். அதனால்தான் முன்னால் இறுக்கம், பின்னால் தளர்வு. நாலுகால் பிராணிகளில் முன்னங்கால்களின் பாரத்தையும் முன் விலாக்களே தாங்குகின்றன. பின் விலாக்கள் மூச்சுக்குத் தாராளமாக அசைகின்றன.

எல்லாப் பிராணிகளும் இப்படி நடுவழியில் போவதில்லை.

பாம்புக்கு மார்பெலும்பே இல்லை. நூற்றுக்கணக்கான விலாக்கள், எல்லாமே முன்பக்கம் கட்டற்றவை. பெரிய இரை உள்ளே போகும்போது விலகி வழிவிடும். நல்ல பாம்பு படம் எடுப்பதும் கழுத்து விலாக்களை விரித்துத்தான். தவளைக்கு விலா என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மூச்சு விட நெஞ்சை விரிக்க முடியாததால், காற்றைத் தொண்டையால் நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதன் தொண்டை துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆமை நேர் எதிர். அதன் விலாக்கள் அகன்று, முதுகெலும்போடு சேர்ந்து ஓடாகவே ஆகிவிட்டன. தோள் எலும்பு கூட விலாக்கூட்டுக்குள்ளே! பாதுகாப்பு பலம்தான், ஆனால் அதற்கு விலை உண்டு. விலா அசையாது. எனவே ஓட்டுக்குள் இருக்கும் தசைகளை இழுத்தும் தளர்த்தியும்தான் ஒவ்வொரு மூச்சையும் விட வேண்டியிருக்கிறது.

கார்ட்டூன்களில் ஆமை ஓட்டைச் சட்டை மாதிரி கழற்றி வைத்துவிட்டு வெளியே வரும். நிஜத்தில் அது நடக்கவே நடக்காது. ஓடு அதன் வீடு அல்ல, உடம்பு. அதில் நரம்பு உண்டு, ரத்த ஓட்டம் உண்டு, தொட்டால் தெரியும். கல்லடி பட்டு ஓடு பிளந்தால் உடைவது அதன் விலா எலும்பு. அடுத்த தடவை யாராவது பையன் குளத்தங்கரையில் ஆமை மேல் கல்லை எறிந்தால், இதைச் சொல்லிப் பாருங்கள்.